ஆட்டின் இடது விலாவில் என் கையை வைத்தவருக்கு

சிகாகோ லிங்கன் பார்க் விலங்குக் காட்சிசாலைக்குள் 1964-இல் தொடங்கிய பண்ணை ஒன்று இருக்கிறது. அங்கே தன்னார்வலராகச் சேர்ந்த முதல் சனிக்கிழமை, ஆட்டுப்பட்டிக்குள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற எனக்கு உதவிய அம்மாவுக்குத்தான் இந்த நன்றி. பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை. நீல நிறத் தொப்பி மட்டும் நினைவிருக்கிறது.

நான் நேராகப் போய் ஆட்டின் தலையில் கை வைக்கப் பார்த்தேன், அது சட்டென்று பின்வாங்கியது. மேலிருந்து வரும் கை அதற்குப் பயம், தாடைக்குக் கீழே நீட்டுங்கள் என்றீர்கள். அப்புறம் என் கையைப் பிடித்து ஆட்டின் இடது விலாவுக்குப் பின்னாலுள்ள குழியில் அழுத்தி, பேசாமல் காத்திருக்கச் சொன்னீர்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ மெதுவாகப் புரண்டு என் உள்ளங்கையை மேலே தள்ளியது. அசைபோடும் இரைப்பை அது, நலமான ஆட்டுக்கு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை அசையும், அசையாமல் வயிறு உப்பினால் உடனே ஆளைக் கூப்பிடு என்றீர்கள். சிறுவயதில் ஊரில் எத்தனையோ ஆடுகளைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைத் தொட்டு அறிந்ததே இல்லை.

குழந்தைகள் வெளியே போகும்போது சோப்பு போட்டுக் கை கழுவினார்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டீர்களே, இப்போது அதை நான் செய்கிறேன்.

ரொம்ப நன்றி அம்மா. அந்த வெள்ளை ஆடு இப்போது என்னைக் கண்டால் தானே வந்து தாடையை நீட்டுகிறது.