பார்ஜுக்கு ஆள் ஏற்றும் ஒப்பந்த நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயலுக்கு, தொழிலாளர்கள் தங்கி வேலை செய்யும் பார்ஜ் என்ற தட்டையான மிதவைக் கப்பல்களில் ஆள் அனுப்பும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

நான் சாரம் கட்டுகிறவன். உங்களைப் போன்ற ஒரு நிறுவனம்தான் என்னை முதன்முதலில் கடலுக்கு அனுப்பியது. அன்று எனக்குக் கிடைத்த பாதுகாப்புப் பயிற்சி: ஏசி அறை, இந்தியில் ஒரு வீடியோ, நடுவில் சமோசா, கடைசியில் கையெழுத்து. எனக்கு அப்போது இந்தி ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்தில் இருந்த ஒடிசாக்காரருக்குத் தெரியும், ஆனால் அவர் தூங்கிவிட்டார்.

நாலு வருஷம் கழித்து வேறொரு வேலைக்காக தண்ணீரில் விழுந்த ஹெலிகாப்டரிலிருந்து தப்பிக்கும் பயிற்சியை நீச்சல் குளத்தில் எடுத்தபோதுதான் எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது தெரிந்தது. எஞ்சினின் கனமெல்லாம் மேலே இருப்பதால் ஹெலிகாப்டர் தண்ணீரில் விழுந்ததும் பெரும்பாலும் கவிழ்ந்துவிடும். ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து, ஜன்னலைத் தள்ளிய பிறகுதான் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டு உள்ளேயே லைஃப் ஜாக்கெட்டை ஊதினால் அது உங்களைக் கேபினுக்குள்ளேயே அமுக்கி வைத்துவிடும். குளத்தில் மாதிரிக் கேபினை முதல் தடவை கவிழ்த்தபோது நான் முதலில் கழற்றியது பெல்ட்டைத்தான். எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை, மூக்கு முழுக்கத் தண்ணீர், கூட இருந்த டைவர்தான் இழுத்துப் போட்டார். இதை எந்த வீடியோவும் சொல்லித் தராது.

சரி, ஹெலிகாப்டரில் போகிறவர்களுக்காவது இது கிடைக்கிறது. பார்ஜில் போகிற வெல்டர், ஃபிட்டர், பெயின்டர், சமையல்காரர்? 2021 மே 17 அன்று டவ்தே புயலில் பி-305 பார்ஜ் நங்கூரங்கள் அறுந்து, ஆளில்லாத ஒரு எண்ணெய் மேடையில் மோதி மூழ்கியது. அதில் 261 பேர் இருந்தார்கள், எழுபதுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. புயல் எச்சரிக்கைக்குப் பிறகும் பார்ஜ் ஏன் அங்கே நின்றது என்பது பெரிய கேள்வி, அதைப் பயிற்சியால் மூடி மறைக்க முடியாது. ஆனால் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் உயிர்காப்பு மிதவையான லைஃப் ராஃப்டின் கயிற்றை முதலில் பார்ஜில் கட்டிவிட்டுத்தான் பெட்டியைத் தண்ணீரில் தள்ள வேண்டும், அதே கயிற்றை இழுத்தால்தான் அது விரியும், தலைகீழாக விரிந்தால் சிலிண்டர் பக்கம் ஏறி நின்று பட்டையைப் பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டும் என்பதைக் கையால் செய்து பழகியவர்கள் இன்று ஒரு பார்ஜில் எத்தனை பேர் இருப்பார்கள்? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. நமக்குச் சொல்லித் தருவதெல்லாம் மணி அடித்தால் கூடுமிடத்துக்குப் போய் உத்தரவுக்குக் காத்திரு என்பதுதான். 1988-இல் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை எரிந்தபோது 167 பேர் இறந்தார்களே, அவர்களில் பலர் தங்குமிடத்தில் வராத உத்தரவுக்குக் காத்திருந்து புகையில் மாண்டவர்கள். உத்தரவு வராவிட்டால் என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் என்னிடம் யாரும் சொன்னதில்லை.

மழைக்காலம் முடிந்து அடுத்த சீசனுக்கு ஆள் எடுப்பீர்கள். அப்போது தமிழ், ஒடியா, வங்காளம் என்று ஆளுக்குத் தெரிந்த மொழியில் சொல்லித் தர ஒருவரை வையுங்கள். கப்பல் ஏறும் முன் எல்லாரையும் ஒரு நாளாவது தண்ணீரில் இறக்குங்கள், சமையல்காரரையும் சேர்த்து. கையெழுத்து வாங்கும் முன் ராஃப்டை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். தெரியாதவரை அந்தப் பயணத்துக்கு அனுப்ப வேண்டாம், அந்த நாள் கூலியை மட்டும் வெட்டாதீர்கள். வெட்டினால் தெரியாதவரும் தெரியும் என்றுதான் சொல்வார். நானும் அப்படித்தான் சொன்னேன்.