பின் ப்ளேட்டைக் கழற்றாதே

அன்புள்ள முரளிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். நேற்று போனில் பேசும்போது அம்மா பக்கத்தில் இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை. ராணுவ வண்டிகள் போகுமுன் ரோட்டைச் சோதித்துக் காவல் நிற்கும் அந்த ரோடு ஓப்பனிங் டூட்டியில், வெயில் தாங்காமல் சில பசங்க புல்லட் ப்ரூஃப் ஜாக்கெட்டில் முதுகுப் பக்கம் இருக்கும் பின் ப்ளேட்டைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன் தாத்தா 1962ல் நேஃபாவில் இருந்தார், இன்றைய அருணாச்சலத்தில். சமவெளியிலிருந்து மலையேறிப் போனவர்களுக்கு அன்று பருத்தி உடையும் கான்வாஸ் ஷூவும்தான். சின்ன வயதில் நீ தொட்டுத் தொட்டுப் பார்ப்பாயே, தாத்தா காலில் இல்லாத அந்த இரண்டு விரல்கள், அவை பனியில் போனவை. அதே போரில் லடாக்கின் ரெசாங் லாவில் 13 குமாவோன் படைப்பிரிவின் ஒரு கம்பெனி நின்றது, சுமார் 120 பேர். பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மாதங்கள் கழித்து உடல்களைக் கண்டெடுத்தபோது, பலர் துப்பாக்கியைப் பிடித்தபடியே உறைந்து போயிருந்தார்கள்.

என் காலத்தில் குளிருக்கு நல்ல உடுப்பு வந்துவிட்டது. 90களின் காஷ்மீரில் பயம் வேறு. ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஏகே-47 சுடும். எங்கள் ஃபைபர் ஹெல்மெட் பீரங்கி ஷெல்லின் சிதறலைத் தாங்கும், ரைஃபிள் குண்டைத் தாங்காது. அதற்காகத்தான் பட்கா வந்தது. நெற்றிக்கும் பின்மண்டைக்கும் இரும்புத் தகடு வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவோம். இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியாது. உச்சந்தலை மட்டும் திறந்தே கிடக்கும். நேராகச் சுடுகிறவனுக்காகச் செய்தது அது. 1999ல் கார்கிலில் ஷெல் மேலிருந்து விழுந்தபோது பட்கா போதவில்லை.

ஜாக்கெட்டிலும் அன்று இரும்புத் தகடுதான். டூட்டி முடித்து வருகிறவன் கழற்றித் தர, அவன் வியர்வை ஈரத்தோடேயே அடுத்தவன் மாட்டிக்கொள்வான். 2018ல் 1,86,138 ஜாக்கெட்டுகளுக்கு 639 கோடி ரூபாயில் ஒப்பந்தம் என்று பேப்பரில் வந்ததே, அந்தத் துண்டை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். உள்ளே கடின எஃகு வைத்த தோட்டாவையும் தாங்க வேண்டும் என்று கேட்டு வாங்கியவை அவை. அதிலுள்ள செராமிக் ப்ளேட்டைத் தூக்கி எறியாதே, கீழே போடாதே. உள்ளே விரிசல் விட்டால் வெளியே தெரியாது.

அப்புறம் ஒரு விஷயம். உனக்கு நாலு வயதிருக்கும்போது விலா எலும்பு உடைந்து லீவில் வந்தேன். லாரியிலிருந்து விழுந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். நான் லாரியிலிருந்து விழவில்லை. ரோட்டோரம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சுட்டான். தகடு குண்டை நிறுத்தியது, அடி மட்டும் எலும்பில் இறங்கியது. அன்றைக்கும் நல்ல வெயில். தகட்டைக் கழற்றிவிடலாமா என்று காலையில் நானும் யோசித்தேன்.

அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. நீயும் சொல்லாதே. பின் ப்ளேட் உள்ளேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா