புக்வார்மைப் பேணியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

டெபியன் இயங்குதளத்தின் நிலைவெளியீட்டை, அதாவது அடிக்கடி மாறாத உறுதியான பதிப்பை, பராமரிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். என் பொறுப்பில் இருக்கும் ஏழு சர்வர்களில் கடைசியையும் நேற்றிரவு டெபியன் 12-இலிருந்து 13-க்கு மாற்றி முடித்தேன். ரீபூட் ஆகி லாகின் வரி திரையில் வந்ததும் முதலில் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். 2023 ஜூன் 10 அன்று வெளியான புக்வார்மை, அதாவது டெபியன் 12-ஐ, அந்த வாரமே முதல் சர்வரில் நிறுவினேன். அன்று தொடங்கி அந்த எந்திரங்களுக்கு எத்தனையோ அப்டேட்கள் வந்துவிட்டன. அதற்காக ஒரு சர்வரிலும் அமைப்புக் கோப்பை நான் திருத்தி எழுத நேர்ந்ததில்லை. அதற்குக் காரணமானவர்களுக்கு இதுவரை ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன்.

முதல் நன்றி பொதிகளை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்களை, பராமரிப்பவர்களுக்கு. ஒரு மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், அதை எழுதியவர்கள் பெரும்பாலும் புதிய பதிப்பில் அடைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நிலைவெளியீட்டில் இருப்பதோ ஒன்றிரண்டு வருடம் பழைய பதிப்பு. புதியதை அப்படியே தூக்கி வைப்பது உங்களுக்குச் சுலபம். ஆனால் கூடவே மாறிய நடத்தையும், புதிய அமைப்பு முறைகளும், நாங்கள் கேட்காத வசதிகளும் எங்கள் தலையில் வந்து இறங்கும். உலாவிகள் போன்ற சிலவற்றுக்கு வேறு வழியில்லை, புதிய பதிப்பே வருகிறது. மற்றவற்றில் ஓட்டையை அடைக்கும் அந்தச் சில வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, பழைய நிரலுக்குப் பொருந்தத் தைத்து, பதிப்பு எண்ணின் வாலில், டெபியன் 12-க்கான முதல் திருத்தம் என்ற பொருளில், ‘டெப்12யு1’ என்று சேர்த்து அனுப்புகிறீர்கள். அந்த வாலைப் பார்த்தாலே எனக்கு ஒரு தைரியம்.

அப்படித் தைப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பது 2023 டிசம்பரில் தெரிந்தது. திருத்தங்களைத் தொகுத்து அவ்வப்போது வரும் இடைவெளியீடுகளில் ஒன்றான 12.3 வெளியாக வேண்டிய 9-ஆம் தேதி, சனிக்கிழமை. அதில் வந்த 6.1.64 கெர்னலில் (இயங்குதளத்தின் மையக்கரு), வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் தரவைச் சிதைக்கக்கூடிய வழு இருப்பது கடைசி நேரத்தில் தெரியவந்தது. புதிய கெர்னலுக்காக எழுதிய ஒரு திருத்தம் பழைய வரிசைக்கு வந்திருந்தது. அது சார்ந்திருந்த இன்னொரு மாற்றம் மட்டும் கூட வரவில்லை. விடுபட்டது அவ்வளவுதான், ஆபத்தோ கோப்புகளுக்கே. நீங்கள் எதையும் மூடி மறைக்கவில்லை. நிறுவல் படிமங்களை நிறுத்திவைத்தீர்கள், அந்தக் கெர்னலுக்கு மாற வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்தீர்கள், மறுநாளே 6.1.66 கெர்னலோடு 12.4-ஐ வெளியிட்டீர்கள். சிக்கல்களை மறைக்கமாட்டோம் என்று டெபியன் தன் சமூக ஒப்பந்தத்தில் எழுதிவைத்தது 1997-இல். அந்த வார இறுதியில் தூங்காமல் இருந்தவர்கள் எத்தனை பேரோ, உங்கள் ஒவ்வொருவருக்கும் என் கைகூப்பு.

நிலைவெளியீட்டு மேலாளர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எந்தத் திருத்தமும் உங்கள் கண்ணில் படாமல் இடைவெளியீட்டுக்குள் நுழைவதில்லை. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை வரிவரியாகப் படிக்கிறீர்கள். “இது எதற்கு? இதனால் வேறு எது உடையும்?” என்று கேட்கிறீர்கள். தேவையில்லை என்றால் மறுத்துவிடுகிறீர்கள். தன்னார்வமாக உழைத்துக் கொண்டுவந்த ஒருவரிடம் வேண்டாம் என்று சொல்வது மனத்துக்குக் கடினமான காரியம். அந்த மறுப்புகளால் எத்தனை பேருடைய சர்வர்கள் பிழைத்தன என்பது வெளியே தெரியப்போவதில்லை. அதனால்தான் இதை இங்கே சொல்கிறேன்.

2024 மார்ச் 29 அன்று கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலகத்தில் திருட்டுத்தனமாக நுழைய உதவும் பின்கதவு இருப்பது வெளிவந்தபோது, எல்லோரையும் போல நானும் பதறினேன். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் லாகினில் ஏற்பட்ட அரை நொடித் தாமதத்தை அலட்சியப்படுத்தாமல் தோண்டிப் பார்த்த பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்டுக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது. புக்வார்மில் இருந்தது பழைய 5.4.1, அதில் அந்த நஞ்சு இல்லை. ஆனாலும் நீங்கள் நிம்மதியாக உட்கார்ந்துவிடவில்லை. களஞ்சியத்தில் வேறு எங்கும் கறை படிந்திருக்கிறதா என்று ஆராய்வதற்காக ஏப்ரலில் வரவேண்டிய 12.6-ஐத் தள்ளிவைத்தீர்கள். ஜூன் 29 அன்றுதான் அது வந்தது. அந்தக் காத்திருப்புக்கும் நன்றி.

பாதுகாப்புக் குழுவுக்கு, புக்வார்மின் ஒன்பது வன்பொருள் கட்டமைப்புகளுக்கும் பொதிகளைக் கட்டித்தந்த எந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு, சனிக்கிழமைகளில் நிறுவல் படிமங்களைச் சோதிப்பவர்களுக்கு, பொதிகளின் நகல்களை வைத்திருக்கும் கண்ணாடித் தளங்களை நடத்துபவர்களுக்கு, வழுவைப் பொறுமையாக விளக்கி எழுதும் பயனர்களுக்கு, எல்லோருக்கும் நன்றி. மூன்று வருட ஆதரவு முடிந்த பிறகும் இன்னும் இரண்டு வருடம் ஒரு வெளியீட்டைத் தாங்கிப்பிடிக்கும் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) குழுவுக்கும்தான். 2014-இல் ஸ்க்வீஸ் என்ற டெபியன் 6-க்காகத் தொடங்கியதை இன்றுவரை விடாமல் செய்கிறீர்கள். பழையதைப் பழுதுபார்ப்பதில் புகழ் குறைவு என்று தெரிந்தே வந்தவர்கள் நீங்கள்.

ஏழு சர்வர்களும் 13-க்குப் போய்விட்டன. வீட்டில் ஒரு பழைய 32 பிட் மடிக்கணினி மட்டும் மிச்சம். டெபியன் 13-இல் அதற்கான கெர்னலும் நிறுவியும் இல்லை, ஆகவே அது புக்வார்மிலேயே இருக்கும். இன்று காலை அதைத் திறந்து அப்டேட் கொடுத்தேன். ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்து காத்திருந்தது. பதிப்பு எண்ணின் வாலில் ‘டெப்12யு3’.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் பயனர்களில் ஒருவர்