ஒளிந்திருக்கும் நகரத்தில் அடுப்பு எரியுமா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மழை வந்தால் கூடுகிறது, வெயிலடித்தால் குறைகிறது. அதற்காக நீ மாண்ட்ரியலிலிருந்து தைலம் வாங்கி அனுப்ப வேண்டாம்.

எல்ஃப்கள் என்ற கற்பனை இனத்தை வைத்து நீ எழுதும் கதைக்காக, போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு கேள்வி கேட்டாய். "10,000 எல்ஃப்கள் குடியிருக்கும் ஊரைக் காட்டுக்குள் யார் கண்ணிலும் படாமல் எப்படியப்பா ஒளித்துவைப்பது?" 31 வருடம் வனத்துறையில் இருந்தவனிடம் கேட்க வேண்டியதுதான். ஆனால் காட்டில் ஒளிந்திருப்பவர்களைத் தேடித்தான் எனக்குப் பழக்கம். அதனால்தான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். உன் அலமாரியில் நீ விட்டுப்போன, டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் பாகத்தை எடுத்து, எல்ஃப்கள் வாழும் லோத்லோரியன் காடு வரும் அத்தியாயங்களை மட்டும் படித்தேன். இந்த வயதில் என்ன மாயாஜாலக் கதை என்று அம்மா கேலி செய்தாள். மறுநாள் அவளே முறத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மேலே சொல்லுங்கள் என்றாள்.

முதலில் நீ அனுப்பிய படம். மரத்துக்கு மரம் ஜன்னல், ஜன்னலுக்கு ஜன்னல் மஞ்சள் வெளிச்சம், ஆற்றின் குறுக்கே கல்பாலம், கூரைக்குக் கூரை புகைபோக்கி. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இரண்டு பேரை அனுப்பினால், முதல் நாள் பொழுது சாய்வதற்குள் கண்டுபிடித்துவிட்டு டீ குடிக்கத் திரும்பிவிடுவார்கள்.

புகைதான் முதல் எதிரி. மாசி, பங்குனியில் காட்டுத்தீக்குப் பயந்து கண்காணிப்புக் கோபுரத்திலேயே படுத்துக்கிடப்போம். விடிகாலைக் குளிரில் புகை மேலே எழும்பாது. பள்ளத்தாக்கின் மேல் ஈரத்துண்டு விரித்ததுபோல் அப்படியே கிடக்கும். நாலு பேர் கஞ்சி காய்ச்சினாலே அரை மைல் தூரத்துக்கு அந்தத் துண்டு நீளும். உன் ஊரில் 10,000 பேர். இவர்கள் எதைச் சமைக்கிறார்கள், எப்போது சமைக்கிறார்கள் என்பதை முதலில் முடிவு செய். நடுப்பகலில், அடர்ந்த இலைக்கூரையின் கீழ், காய்ந்த விறகில் எரித்தால் புகை சிதறிப்போகும். பச்சை விறகு கூடவே கூடாது.

அடுத்தது தடம். பத்துப் பேர் பத்து நாள் தண்ணீருக்குப் போனால் ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும். யாரைத் தேடினாலும் நாங்கள் முதலில் ஓடைக்கரையைத்தான் பார்ப்போம். இந்த விஷயத்தில் டோல்கீனை நான் மெச்சுகிறேன். அவருடைய எல்ஃப்கள் வெள்ளி நதியின் மேல் பாலமே வைத்துக்கொள்ளவில்லை. ஆள் வந்தால் கயிறு கட்டுகிறார்கள்: நடக்க ஒன்று, பிடித்துக்கொள்ள இரண்டு. எல்லோரும் கிழக்குக் கரைக்குப் போனதும் அவிழ்த்துவிடுகிறார்கள். ருமில் என்ற காவலன் மட்டும் இந்தக் கரையிலேயே நின்றுவிடுகிறான். கடைசிக் கயிற்றைத் தன் பக்கம் இழுத்துச் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, கையை ஆட்டிவிட்டுக் காவலுக்குத் திரும்பிப் போகிறான். நாலு வரிதான். ஆனால் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மரங்களும் தோதானவைதான். அங்கே வளரும் மல்லோர்ன் மரத்தின் இலை இலையுதிர்காலத்தில் பொன்னிறமாகும், ஆனால் உதிராது. வசந்தத்தில் புதுத்தளிர் விடும்போதுதான் தரைக்கு வரும். படிப்பவர்களுக்கு இது அழகு. எனக்கோ வேறொன்று தோன்றியது: குளிர்காலம் முழுவதும் தலைக்கு மேல் மறைப்பு இருக்கும். அதோடு, உதிர்ந்து காய்ந்த இலையைப் போல ஒரு காவல்நாய் கிடையாது. எங்கள் தேக்குக் காட்டில் கோடையில் ஒருவன் நடந்தால் அப்பளம் நொறுங்குவதுபோல் நூறடி தள்ளிக் கேட்கும். உன் ஊரைச் சுற்றி அப்படி ஒரு வளையம் நடு.

அந்தக் காட்டுக்கு வரும் பயணக் கூட்டத்தில் குள்ளர் இனத்து கிம்லியின் கண்ணைக் கட்டித்தான் உள்ளே அழைத்துப்போவோம் என்று எல்ஃப் காவலன் ஹால்டிர் பிடிவாதம் பிடிக்கிறானே, அங்கே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிம்லி மறுக்கிறான். கட்டினால் எல்லோருக்கும் கட்டு என்று கூட்டத்தின் தலைவன் அரகோர்ன் பஞ்சாயத்துச் செய்கிறான். எல்ஃபான லெகோலஸுக்கே முகம் சுளிக்கிறது. சரி, கட்டியதால் என்ன லாபம்? கண் மறைந்ததும் கூட்டத்தில் இருக்கும் ஃப்ரோடோவுக்குக் காதும் மூக்கும் கூர்மையாகிவிடுகின்றன. வலப்பக்கம் ஆறு சலசலப்பது கேட்கிறது, புல்வாசம் தெரிகிறது. என்னோடு ஒரு மூத்த காவலர் இருந்தார். அமாவாசை இருட்டில் டார்ச்சை அணைக்கச் சொல்லிவிட்டு, காலடி மண்ணையும் காற்றின் ஈரத்தையும் வைத்தே முகாமுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். அவர் கண்ணைக் கட்டினால் ஊருக்கு வரைபடமே போட்டுக் கொடுத்துவிடுவார்.

வெறும் மந்திரத்தை நம்பி ஊரை ஒளிக்காதே. நீ ஊருக்கு வந்திருந்தபோது சொன்ன, டோல்கீனின் இன்னொரு எல்ஃப் நாடான டோரியத்தின் கதை நினைவிருக்கிறதா? அரசி மெலியன் போட்ட மாய வேலியைத் தாண்டி எந்தப் படையும் உள்ளே வர முடியவில்லை. உள்ளே மெனெக்ரோத் என்ற ஆயிரம் குகைகளின் நகரம், மரம்போலவே செதுக்கிய கல்தூண்கள். கடைசியில் அரசன் திங்கோல் எங்கே செத்தான்? தன் அரண்மனைப் பட்டறையில், நகை செய்யத் தானே அழைத்துவைத்த குள்ளர் கைவினைஞர்கள் கையில். அந்தத் துக்கத்தில் மெலியன் போனாள், வேலியும் போனது. உன் ஊருக்கு யார் யார் வேலைக்கு வருகிறார்கள், அவர்களுக்குக் கூலி ஒழுங்காகப் போகிறதா என்று கதைக்குள் ஓர் ஓரத்திலாவது எழுதிவை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் சண்டையோ மாயமோ இல்லை, ஃப்ரோடோவின் தோழன் சாமின் நிலாக் கணக்கு. அந்தக் கூட்டம் லோத்லோரியன் நகரத்துக்குள் நுழைந்தது ஜனவரி 17, விடைபெற்றது பிப்ரவரி 16. கிட்டத்தட்ட ஒரு மாதம். சாமுக்கோ மூன்று இரவுகள் திட்டமாக நினைவிருக்கிறது, இன்னும் சில மங்கலாக. வெளியே வந்து வானத்தைப் பார்த்தால் பிறை கணக்கோடு ஒத்துவரவில்லை. உள்ளே இருந்த காலத்தை எதில் சேர்ப்பது என்று குழம்புகிறான். நீ போய் நாலு வருடம் ஆயிற்று என்கிறாய். சமையலறைக் காலண்டரில் அம்மா அடித்துவைத்திருக்கும் கோடுகளை எண்ணினால் ஐந்து வருடமும் இரண்டு மாதமும் வருகிறது. யார் கணக்கு சரி என்று நான் இதில் தலையிடவில்லை.

படித்ததில் தெரிந்துகொண்ட இன்னொன்று. 1944-இல் டோல்கீனின் மகன் கிறிஸ்டோஃபர் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்கா போயிருந்தார். அப்பா பிறந்த நாடும் அதுதான். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து அப்பா எழுதிய கடிதங்களோடு, எழுதி முடித்த அத்தியாயங்களும் அங்கே போயின. பிறகு அந்த உலகத்துக்கு வரைபடம் வரைந்ததும் மகன்தான். அந்த அப்பா அத்தியாயம் அனுப்பினார். நான் அடுப்புப் புகையைப் பற்றி அனுப்புகிறேன். அவரவரால் முடிந்தது.

உன் நகரம் எனக்குப் பிடித்திருக்கிறது, பாப்பா. கல்பாலத்தை மட்டும் எடுத்துவிடு. அந்த இடத்தில் கயிறு போடு. கயிற்றோடு இந்தக் கரையில் ஒரு காவலனையும் வை. அவனுக்கு நகரத்துக்குள் வீடு இருக்காது, உள்ளே எரியும் விளக்கும் அவன் கண்ணுக்குத் தெரியாது. மரத்தின் மேல் பரண் ஒன்று போட்டுக்கொடு. டோல்கீன் வரைந்த பரணுக்குக் கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது, உன்னுடையதற்கு வைத்துவிடு. ஒரு கம்பளியும் வரைந்து வை. ஆற்றங்கரையில் பின்னிரவுக்கு மேல் குளிர் தாங்காது.

அன்புடன்,
அப்பா