சுவாமிமலை ஐயாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில், நடவுக்கு வந்த வடமாநிலத் தம்பிகளுக்கும் முகாம் குடும்பங்களுக்கும் சோழர் சிலைகளைச் சுற்றிக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி நல்லபடியாக நடந்துவிட்டது. சனிக்கிழமை ராத்திரி வரை எங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை. என்ன நடந்தது, ஏன் கடைசி நேரத்தில் மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் போனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதைக் கிளற மனமில்லை. மனசு நிறைந்திருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஐயாவுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாங்கள் அவரை அழைக்கவே இல்லை. அரண்மனைப் பக்கம் வேறு வேலையாக வந்தவர், கலைக்கூடத்துக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் என்ற சிவன் செப்புச் சிலை முன்னால் ஒரு பக்கம் மேற்கு வங்கத்திலிருந்து நடவுக்கு வந்த தம்பிகள், இன்னொரு பக்கம் திருச்சி கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்த குடும்பங்கள், நடுவில் வங்காளத்தில் ஒரு வரி பேசத் தெரியாத நாங்கள். இது 1011-ஆம் ஆண்டுச் சிலை, சுவாமி சாய்ந்து நின்ற காளை இப்போது இல்லை, கை மட்டும்தான் இருக்கிறது என்று ஜாடையிலேயே சொல்லப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாரும் இப்படி வெளியே வாங்க" என்று முற்றத்து நிழலுக்குக் கூட்டிப்போனார் ஐயா. பையில் மெழுகு வைத்திருந்தார். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியது. டீக்கடையில் சுடுதண்ணீர் வாங்கி வரச் சொல்லி, அதில் போட்டு இளக்கி, ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக் கையில் வைத்தார். ஒரு விரல், ஒரு மோதிரம், காளையின் திமில் என்று செய்து காட்டினார். தென்னை ஓலை நறுக்கை மடித்து உருவத்துக்கு அளவு எடுப்பதையும், காவிரி வண்டலை மெழுகின் மேல் பூசிச் சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடி, அந்த இடத்தில் உலோகம் போய் உட்காருவதையும் கையாலேயே சொன்னார். முகாமிலிருந்து வந்த சின்னப்பிள்ளைகள் வாய் மூடாமல் பார்த்தார்கள்.

அப்போதுதான் பாங்குரா பக்கத்துத் தம்பி ஒருவர் மண் கேட்டார். மண்ணை உருட்டி, மெழுகை இடியாப்பம் போல மெல்லிய இழையாக்கி அதன் மேல் சுற்ற ஆரம்பித்தார். அவர் ஊர்ப்பக்கம் டோக்ரா என்ற மெழுகு வார்ப்பு வேலை செய்கிறவர்கள் உண்டு. உள்ளே மண் கரு வைத்து வார்ப்பதால் பொம்மை உள்ளீடற்று இருக்கும். சுவாமிமலையில் வார்ப்பது பெரும்பாலும் கனமான சிலை. ஐயா அந்த இழையை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இத எப்படிப்பா இவ்ளோ சன்னமா இழுத்த?" என்று தமிழிலேயே கேட்டார். தம்பி வங்காளத்திலேயே பதில் சொன்னார். அப்புறம் ரொம்ப நேரம் இருவரும் நிமிரவே இல்லை. நிகழ்ச்சி முடிந்து வண்டி வந்த பிறகும் ஐயா கிளம்பாமல் அந்தத் தம்பியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அன்று ஒரு நாள் வேலை கெட்டிருக்கும். ஒரு காபிக்குக்கூட எங்களைக் காசு கொடுக்க விடவில்லை.

இன்னும் பலருக்குக் கடன்பட்டிருக்கிறோம்: தம்பிகளை அனுப்பிவைத்த மிராசுதார்கள், முகாமில் அனுமதிக்கு அலைந்தவர்கள், வங்காளம், ஒடியா, இந்தியில் குறிப்பு அடித்துத் தந்தவர்கள், வேன் ஓட்டிய அண்ணன், பொறுமை காத்த கலைக்கூட ஊழியர்கள். பொலன்னறுவையில் கிடைத்த சோழர் காலத்துச் சிவன் சிலைகளைக் கொழும்பு அருங்காட்சியகத்தில் பார்த்ததைச் சொன்ன முகாம் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. அன்று எங்கள் எல்லோரையும் விட நன்றாக விளக்கியவர் அவர்தான்.

2015 இறுதியில் பெர்லின் அருங்காட்சியகங்கள் சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் வந்தவர்களுக்கே பயிற்சி கொடுத்து, அரபியில் சுற்றிக் காட்ட வைத்தன. அதைப் படித்துத்தான் நாங்கள் இதில் இறங்கினோம். இனி இங்கேயும் அப்படித்தான். அடுத்த குறுவை நடவு முடிந்ததும் வங்காளத்தில் விளக்கப்போவது அந்தத் தம்பிகளே. அன்றைய நடவுக் கூலியை நாங்கள் கொடுத்துவிடுவோம், இதில் மாற்றமில்லை.

ஐயா, நீங்களும் வர வேண்டும். வண்டல் மண்ணை நாங்கள் அள்ளிக்கொண்டு வருகிறோம். மெழுகு மட்டும் உங்கள் பொறுப்பு.