பெட்டியாக வாங்காதே

அன்புள்ள மீனா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "குழந்தைக்கு இந்த மந்திரம் மாயம் எல்லாம் இப்போ எதுக்கு" என்று சைகை காட்டிக்கொண்டிருந்தாள். உன் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வேறு ஏதோ சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது.

கவினுக்கு அடுத்த மாதம் ஏழு முடிகிறது. ஹாரி பாட்டர் ஏழு புத்தகத்தையும் ஒரே பெட்டியாகப் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாய். பெட்டி வேண்டாம். முதல் புத்தகத்தை மட்டும் கொடு.

காரணம் சொல்வதற்கு முன்னால் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு எட்டு வயசு, கோடை விடுமுறை. பொன்னியின் செல்வனை எடுத்துக்கொண்டு உன்னோடு திண்ணையில் உட்கார்ந்தேன். 1950-லிருந்து 54 வரை கல்கியில் வாராவாரம் வந்ததை உன் பாட்டி கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணி வைத்த தொகுப்பு அது, ஓவியர் மணியம் வரைந்த படங்களோடு. வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வருகிறான். அவ்வளவுதான், நான் நிறுத்திவிட்டேன். ஏரியை வெட்டியது யார், எழுபத்து நான்கு கணவாய் எதற்கு, இராஜாதித்தன் தக்கோலத்தில் எப்படி இறந்தான் என்று ஆரம்பித்தேன். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் நீ கேட்டாய்: "அப்பா, குதிரை எப்போப்பா கிளம்பும்?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீ எழுந்து விளையாடப் போய்விட்டாய்.

அதன்பிறகு அந்தத் தொகுப்பை நீ தொடவே இல்லை. 2022-ல் படம் பார்த்துவிட்டுத் தியேட்டர் வாசலிலிருந்து போன் பண்ணி, "நந்தினி உண்மையிலேயே யாருப்பா?" என்றாயே, அன்றுதான் குதிரை கிளம்பியது. இருபத்து மூன்று வருஷம்! நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எட்டு வயசிலேயே கிளம்பியிருக்கும்.

ஹாரி பாட்டரை உனக்கு யாரும் கொடுக்கவில்லை, கவனித்தாயா? 2002-ல் பெரிய கடைத்தெரு லெண்டிங் லைப்ரரியிலிருந்து நீயே தூக்கிக்கொண்டு வந்தாய். உனக்குப் பதினொன்று. கதையில் ஹாரிக்கும் பதினொன்று. அவன் புத்தகத்துக்கு ஒரு வயசு கூடிக்கொண்டே போகிறான். எழுத்தும் கூடவே வளர்கிறது. முதல் புத்தகம் 223 பக்கம், ஐந்தாவது 766. கனம் பக்கத்தில் மட்டும் இல்லை. முதலாவதில் ஒரு குழந்தை மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பொந்திலிருந்து தப்பித்து மந்திரப் பள்ளிக்கூடம் போகிறது. நாலாவதின் கடைசியில் ஒரு நல்ல பையன், எந்தத் தப்பும் செய்யாதவன், வழியில் நின்றான் என்பதற்காகக் கொல்லப்படுகிறான். ஐந்தாவதில் ஒரு டீச்சர் இம்போசிஷன் எழுதச் சொல்கிறாள். பேனா எழுதுவது காகிதத்தில், கீறல் விழுவது பையனின் கையில். எனக்கே அந்த இடத்தில் வயிற்றைக் கலக்கியது.

உனக்கு இதெல்லாம் ஒன்றாகக் கிடைக்கவில்லை. நாலாவது புத்தகம் யாரோ ஒரு புண்ணியவான் வீட்டில் ஆறு மாசம் தூங்கியது. ஐந்தாவது 2003-ல், ஆறாவது 2005-ல், கடைசி 2007 ஜூலை 21-ல்தான் வந்தன. அந்தச் சனிக்கிழமை முதல் பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போனோம். திரும்பும்போது பாபநாசம் வருவதற்குள் நீ எங்கேயோ போய்விட்டாய், ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாய். பதினாறு வயசில் அழ வேண்டிய அழுகை அது. கவின் ஏழு புத்தகத்தையும் பெட்டியோடு வைத்துக்கொண்டு விடாப்பிடியாகப் படித்தால், எட்டு வயசு முடிவதற்குள் அங்கே வந்து நிற்பான். படித்தும்விடுவான். என்ன படித்தோம் என்றுதான் தெரியாது.

அதனால், முதல் புத்தகத்தை நீயே வாசித்துக் காட்டு. ராத்திரிக்கு ஒரு அத்தியாயம், மொத்தம் 17. விளக்கம் சொல்லாதே. அவன் கேட்டால் மட்டும் சொல். ஹாரியின் தோழி ஹெர்மயோனி பேரை அவன் எப்படி உச்சரித்தாலும் திருத்தாதே. நீயே இரண்டு வருஷம் "ஹெர்மியோன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய். நாலாவது புத்தகத்தில் அந்தப் பெண்ணே ஒருத்தனுக்குத் தன் பேரைச் சொல்லிக் கொடுக்கிற இடம் வந்ததும், உலகமே ஏமாற்றிவிட்ட மாதிரி வந்து நின்றாய்.

பயத்தைப் பற்றி மாப்பிள்ளை கவலைப்படுவது சரிதான். ஆனால் குழந்தை எதற்குப் பயப்படும் என்று நம்மால் கணிக்க முடியாது. இரண்டாவது புத்தகத்தில் மாடு சைஸ் சிலந்தி வருகிறது, நீ அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சுவருக்குள் குழாய் வழியாகப் பாம்பு போகும் என்பதைப் பிடித்துக்கொண்டாய். நம் வீட்டில் விடியற்காலை நாலரைக்கு முனிசிபாலிட்டித் தண்ணீர் வரும்போது குழாய் ஒரு முனகல் முனகும் அல்லவா? ஒரு மாசம் அந்த நேரத்துக்கு எங்கள் அறைக்கு ஓடி வந்தாய். அம்மாவுக்கு இன்னும் அதுதான் மனசில் இருக்கிறது.

மூன்றாவது முடிந்ததும் நிறுத்து. அதுவரை சாவு பெரும்பாலும் கதைக்கு வெளியேதான் நிற்கிறது. நாலாவது, அவனுக்குப் பத்தோ பதினொன்றோ ஆகட்டும். அதற்குள் அவனே எங்கிருந்தாவது கிளப்பிக்கொண்டு வந்து போர்வைக்குள் படித்தால், பார்க்காத மாதிரி இரு. திருடிப் படிப்பவன் தயாராகிவிட்டான் என்று அர்த்தம். சினிமா அப்புறம். இப்போது டிவி தொடராகவும் எடுக்கிறார்கள் என்கிறாய். அது வருகிறதே என்று அவசரப்படாதே. அந்த மந்திரப் பள்ளிக்கூடக் கோட்டையை முதலில் அவன் மனசுக்குள் அவனே கட்டட்டும்.

இன்னொன்று. அவனுக்குப் பிடிக்காமல் போகலாம். டைனோசர்தான் வேண்டும் என்பான். உன் முகம் வாடுவது அவனுக்குத் தெரியக் கூடாது. என் முகம் உனக்குத் தெரிந்தது.

புதுப் பிரதி வாங்காதே. உன் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு நான் வாங்கிய முதல் புத்தகம் இங்கே பீரோவில், பாட்டியின் பைண்டு தொகுப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கூரியரில் அனுப்புகிறேன். 12-வது அத்தியாயத்தில், அந்தக் கண்ணாடி வருகிற இடத்தில், ஒரு சாம்பார் கறை இருக்கும். பாட்டி தவறிப்போன வருஷம் அது. நீ அந்தப் பக்கத்தையே ஏன் திரும்பத் திரும்பப் படிக்கிறாய் என்று பார்ப்பதற்காக, நீ பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே எடுத்துப் புரட்டினேன். அந்தப் பையன் கண்ணாடிக்குள் இறந்துபோன தன் அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். சோறு ஆறிப்போயிற்று.

அன்று சாயங்காலம் கறைக்காகத் தம்பியைப் பிடித்து மொத்தினாய். பாவம், அவன் அந்தப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை.

அன்புடன்,
அப்பா