பழுது பார்க்கக் கொடுத்த போனில் உளவுச் செயலி: புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மதுரைச் சேவை மையத்தில் கொடுத்த போனில் உளவுச் செயலி நிறுவப்பட்டது குறித்து

ஐயா,

சார்ஜ் ஏறவில்லை என்று என் மகளின் போனை உங்கள் மதுரைச் சேவை மையத்தில் கொடுத்தோம். சார்ஜிங் போர்ட்டை மாற்றிக் கொடுத்தீர்கள். திரும்பி வந்த போனில் நாங்கள் நிறுவாத ஒரு செயலியும் இருந்தது. 'சிஸ்டம் சர்வீஸ்' என்று பெயர். முகப்பில் அதற்குச் சின்னம் கிடையாது.

யாரும் தொடாதபோதும் திரையின் மேல்மூலையில் பச்சைப் புள்ளி எரிந்ததால்தான் சந்தேகம் வந்தது. ஆண்ட்ராய்டு 12 முதல், கேமராவோ மைக்கோ இயங்கினால் அந்தப் புள்ளி தெரியும். அமைப்புகளைத் திறந்து பார்த்தால், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான அணுகல் வசதி அந்தச் செயலிக்கு முழுமையாகத் திறந்துவிடப்பட்டிருந்தது. அதன் வழியே திரையில் தெரிவதையும் தட்டச்சு செய்வதையும், ஓடிபி உட்பட, படித்துவிட முடியும். எளிதில் நீக்க முடியாதபடி நிர்வாகி உரிமையும் தரப்பட்டிருந்தது. தீங்கான செயலிகளைக் கண்டுபிடிக்கும் கூகுளின் பாதுகாப்பு வசதியான பிளே புரொடெக்ட் அணைக்கப்பட்டிருந்தது. போனின் பூட்டைத் திறந்து, ஒருவர் உட்கார்ந்து செய்த வேலை இது. பதிவிறக்கத்தில் கிடந்த, செயலியை நிறுவ உதவும் ஏபிகே கோப்பின் தேதி, போன் உங்களிடம் இருந்த நாளைக் காட்டுகிறது.

என் மகள் கல்லூரி மாணவி. உடை மாற்றும்போதும் அந்தப் போன் அவள் அறையில்தான் இருந்தது. இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

சார்ஜிங் போர்ட் மாற்றப் பூட்டு எண் எதற்கு? அதை எழுதாவிட்டால் போனை வாங்க மாட்டோம் என்றார் உங்கள் ஊழியர். சொந்தத் தகவல்களை மறைத்துவிட்டுப் பழுது பார்க்கக் கொடுக்கும் வசதியை சாம்சங் 2022-இலும், கூகுள் தன் பிக்சல் போன்களில் 2023-இலும் கொண்டுவந்துவிட்டன. உங்கள் படிவம் மட்டும் இன்னும் பூட்டு எண்ணைக் கேட்கிறது.

"ரீசெட் செய்தால் சரியாகிவிடும்" என்றார் மைய மேலாளர். செய்தால் சாட்சியமும் அழிந்துவிடும். ஆகவே போனை அணைத்து வைத்து, வேறு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றியிருக்கிறோம்.

போனைக் கையாண்டவர்கள் யார் என்பதை எழுத்துமூலம் தெரிவியுங்கள். அந்த நாளின் கண்காணிப்பு கேமரா பதிவை அழிக்காமல் வையுங்கள். படிவத்திலிருந்து பூட்டு எண் கட்டத்தை நீக்குங்கள். அதே மையத்தில் போன் கொடுத்த மற்றவர்களுக்கும் இதைத் தெரிவியுங்கள். அவர்களில் பலர் பச்சைப் புள்ளியைக் கவனித்திருக்க மாட்டார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 ஆகிய பிரிவுகளைக் குறிப்பிட்டு சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். அதன் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்